அனாமத்துக் கணக்கு

மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு அதன் வெள்ளைப் பக்கத்தில் டாக்டர் ஏழு பெட்டிகள் வரைந்தார். பெட்டிகளுக்கு நடுவே அம்புக்குறிகள். சில அம்புகளின் நுனியில் கூட்டல் குறி, சிலவற்றில் கழித்தல் குறி. "மூளைக்குள்ள நடக்கிறது இதுதான். இந்தப் பெட்டி அளவுக்கு மீறி வேலை செய்யுது. அதைக் கொஞ்சம் அடக்கினா போதும்" என்றார்.

அப்பா எட்டிப் பார்த்தார். அவருடைய வலது கை மடியில் இருந்தபடி, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத எதையோ உருட்டிக்கொண்டிருந்தது.

"நம்ம மண்டிப் பேரேடு மாதிரியே இருக்கே" என்றார். "இவன் அவனுக்குக் குடுக்கணும். அவன் இன்னொருத்தனைப் பிடிச்சு வச்சிருக்கான்."

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பா முப்பத்தைந்து வருடம் ஒரு பலசரக்கு மண்டியில் கணக்குப்பிள்ளை. பார்க்கின்சன் நோய் அவருக்கு முதலில் தெரிந்ததே பேரேட்டில்தான். வரி தொடங்கும்போது சரியாக இருக்கும் எழுத்து, முடியும்போது எறும்பாகச் சிறுத்துவிடும். தன் கண்ணாடியைத்தான் மாற்ற வேண்டும்போல என்று முதலாளி ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாராம். அதற்குப் பிறகு ஏழு வருடம் மாத்திரை. ஆரம்பத்தில் அற்புதமாக வேலை செய்த மாத்திரை, போகப்போக இரண்டு மணி நேரம்தான் தாங்கியது. அது வேலை செய்கிற நேரத்தில் உடம்பு தானாக நெளிந்தது, தீர்ந்த நேரத்தில் கட்டையாக இறுகியது. அதனால்தான் மூளைக்குள் மின்கம்பி வைக்கும் சிகிச்சை பற்றிய பேச்சு. டி.பி.எஸ் என்பார்கள். மண்டை ஓட்டில் துளையிட்டு, மூளையின் ஆழத்தில் மெல்லிய கம்பியை இறக்கி, மார்புத் தோலுக்கடியில் வைத்த பேட்டரியிலிருந்து நொடிக்குச் சுமார் 130 முறை மின்துடிப்பு அனுப்புவார்கள்.

என் சிக்கல் வேறு. மூளையைப் பெட்டியும் அம்புமாகப் பேசுகிறவர்களோடு பல வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தவன் நான். மென்பொருள்தான் பிழைப்பு. செயற்கை நியூரான்களை அடுக்கி வைத்துவிட்டு "மூளையும் இப்படித்தான்" என்று அலுவலகத்தில் யாராவது சொன்னால் எனக்குக் காது சூடாகும். 8,600 கோடி நியூரான்கள், ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கான இணைப்புகள். இதை எப்படி ஒரு சமன்பாட்டில் அடைப்பீர்கள் என்று கேட்பேன். இப்போது ஒரு சீட்டின் பின்பக்கத்து ஏழு பெட்டிகளை நம்பி என் அப்பாவின் தலையில் துளையிட நான் கையெழுத்துப் போட வேண்டும்.

*

அன்று இரவே அந்தப் படத்தை நிரலாக எழுதிப் பார்த்தேன். பைத்தானில் நாற்பது வரி வந்தது. ஏழு பெட்டிகளுக்கு ஏழு எண்கள். ஒவ்வொன்றும் அந்த மூளைப்பகுதி எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது என்பதைச் சொல்லும், அவ்வளவுதான்.

படத்தின் தர்க்கம் எளிமையானது. மூளையின் ஆழத்தில் பேசல் காங்லியா என்ற தொகுதி இருக்கிறது. அதன் வாசலில் பாலிடம் என்ற பகுதியின் உட்பாதி ஒரு பிரேக் போல எப்போதும் தாலமஸை அழுத்திக்கொண்டிருக்கும். பிரேக் தளர்ந்தால்தான் அசைவு பிறக்கும். தளர்த்துவதற்கு நேரான பாதை ஒன்று, இறுக்குவதற்குச் சுற்றுப்பாதை ஒன்று. டோபமைன் முதலாவதை ஊக்கும், இரண்டாவதை அடக்கும். பார்க்கின்சனில் டோபமைன் செல்கள் செத்துக்கொண்டே வருவதால் தராசு ஒரு பக்கம் சாய்கிறது. சுற்றுப்பாதையில் இருக்கும் சப்தாலமிக் நியூக்ளியஸ் கட்டவிழ்ந்து கத்துகிறது. மொச்சைக்கொட்டை அளவுகூட இராத ஒரு முடிச்சு அது. அதன் சத்தத்தில் பிரேக் இறுகுகிறது, மனிதன் உறைகிறான்.

இந்தப் படத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1982-ல் கலிஃபோர்னியாவில் போதைப்பழக்கம் உள்ள சில இளைஞர்கள் திடீரென்று சிலைபோல் உறைந்த நிலையில் மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். கள்ளத்தனமாகத் தயாரித்த போதைமருந்தில் எம்.பி.டி.பி என்ற நச்சு கலந்திருந்தது. அது டோபமைன் செல்களைக் குறிவைத்துக் கொன்றிருக்கிறது என்பதை வில்லியம் லாங்ஸ்டனும் சகாக்களும் கண்டுபிடித்தார்கள். அந்த நச்சைக் கொண்டு குரங்குகளில் பார்க்கின்சன் நிலையை உண்டாக்கி ஆராய முடிந்தது. 1989-ல் ஆல்பின், யங், பென்னி ஆகிய மூவரும், 1990-ல் மாலன் டிலாங்கும் தனித்தனியே எழுதிய கட்டுரைகளில் அந்தப் பெட்டிப் படம் தெளிவான உருவம் பெற்றது. அதே 1990-ல் பெர்க்மன், விக்மன், டிலாங் மூவரும், படம் சொன்ன அந்த முடிச்சை நோயுற்ற குரங்குகளில் அழித்துப் பார்த்தார்கள். உறைந்திருந்த குரங்குகள் அசைந்தன.

மின்துடிப்பு என்ற உத்தி மட்டும் படத்திலிருந்து வந்ததல்ல. 1987-ல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் பெனாபிட் என்ற அறுவை நிபுணர், நடுக்கத்தைத் தீர்க்கத் தாலமஸில் ஒரு புள்ளியைச் சுடுவதற்கு முன் இடம் சரியா என்று மின்சாரம் கொடுத்துச் சோதித்தபோது, வேகமான துடிப்பில் நடுக்கமே நின்றுபோனதைக் கவனித்தார். 1990-களில் இரண்டும் சேர்ந்தன: படம் இடத்தைக் காட்டியது, கிரெனோபிள் கருவியைக் கொடுத்தது.

என் நிரலில் டோபமைனைக் குறைத்தேன். தாலமஸின் எண் சரிந்தது. சப்தாலமிக் பெட்டியை அடக்கினேன். எண் மேலே வந்தது. டாக்டர் சொன்னது சரி. நாற்பது வரியில் அப்பா இறுகினார், நாற்பது வரியில் அப்பா அசைந்தார்.

அப்புறம் விளையாட்டாகப் பிரேக் பெட்டியையே அழித்துப் பார்த்தேன். தாலமஸ் கட்டுக்கடங்காமல் எகிறியது. படத்தின்படி, அந்தப் பகுதியைச் சுட்டுவிட்டால் மனிதன் நிற்காமல் நெளிந்துகொண்டே இருக்க வேண்டும். ஆனா நிஜத்தில் நடப்பது நேர்மாறானது. 1992-ல் ஸ்வீடனின் லைட்டினன் மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவந்த அறுவை அதுவே. பிரேக்கின் ஒரு பகுதியைச் சுட்டால், மாத்திரையால் வந்த நெளிவு நின்றுவிடுகிறது. அதேபோல் தாலமஸைச் சுட்டால் உறைவு அதிகமாக வேண்டும் என்கிறது படம். நிஜத்தில் நடுக்கம் நிற்கிறது, உறைவு கூடுவதில்லை. 1994-ல் மார்ஸ்டனும் ஒபெசோவும் இந்த முரண்களை வரிசையாக எடுத்து வைத்து ஒரு கட்டுரையே எழுதினார்கள். இத்தனைக்கும் நடுக்கம் ஏன் வருகிறது என்பதற்கே அந்தப் படத்தில் பதில் கிடையாது. என் எண்கள் ஏறும், இறங்கும். அவை நடுங்கவில்லை.

ஆக, என் அப்பாவுக்குச் சிகிச்சை தரப்போகிற படம் தப்பு. தப்பு என்று முப்பது வருடமாகத் தெரிந்த தப்பு. அதை வைத்துச் செய்த சிகிச்சையில் உலகமெங்கும் ஏராளமானோர் எழுந்து நடந்திருக்கிறார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே மண்டைக்குள் வைத்துக்கொண்டு அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

*

என்னைப் போன்றவர்கள் வழக்கமாகச் சொல்கிற பதில் ஒன்று உண்டு. எளிய மாடல் தப்பாகிறது என்றால் காரணம் அது எளிமையாக இருப்பதுதான். விவரங்களைச் சேர்த்துக்கொண்டே போனால் ஒரு நாள் நிஜம் வந்துவிடும். அந்தப் பாதையில் போனவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்போம்.

சி. எலிகன்ஸ் என்று ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு. அதற்கு நியூரான்கள் மொத்தம் 302. பக்கத்து வீட்டுப் புழுவுக்கும் அதே 302. சிட்னி பிரென்னர் தொடங்கி வைத்த வேலையில் அவரும் வைட், சவுத்கேட், தாம்சன் ஆகியோரும் அந்தப் புழுவை மெல்லிய சீவல்களாக்கி, மின்னணு நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்து, எந்த நியூரான் எதனோடு தொடுகிறது என்ற முழு வரைபடத்தை 1986-ல் வெளியிட்டார்கள். 340 பக்கக் கட்டுரை. அதற்குப் புழுவின் மனம் என்று செல்லப்பெயர்கூட இருந்தது. 2011-ல் தன்னார்வலர்கள் கூடி, அந்தப் புழுவைக் கணினிக்குள் வாழவைப்போம் என்று ஓப்பன்வோர்ம் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஊர்கிற, நெளிகிற பகுதிகள் கிடைத்தன. ஆனா பசித்தால் ஒரு மாதிரியும் வயிறு நிறைந்தால் ஒரு மாதிரியும் நடந்துகொள்கிற, ஒரு வாசனையைத் தீமையோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்கிற அந்த முழுப்புழு திரைக்கு இன்னும் வரவில்லை. காரணம், வரைபடம் சொல்வது கம்பி எங்கே போகிறது என்பதை மட்டும். கம்பி எவ்வளவு வலுவானது, ஊக்குகிறதா அடக்குகிறதா என்பது அதில் முழுசாக இல்லை. போதாததற்கு நியூரோபெப்டைட் எனும் சிறு மூலக்கூறுகள் கம்பியே இல்லாமல் தூரத்து நியூரான்களோடு பேசுகின்றன. கம்பியில்லாத அந்தத் தொடர்புகளின் வரைபடம் 2023-ல்தான் வந்தது.

நண்டின் வயிற்றில் இன்னொரு பாடம் இருக்கிறது. நண்டு இரையை அரைப்பது வயிற்றுக்குள் இருக்கும் பற்களால். அந்த அரைப்பின் தாளத்தைப் போடுவது சுமார் முப்பது நியூரான்கள். ஈவ் மார்டர் தன் ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதியை இந்த முப்பதோடு கழித்திருக்கிறார். 2004-ல் பிரின்ஸ், பூக்கர், மார்டர் மூவரும் இதன் எளிய கணினி வடிவத்தை இரண்டு கோடிக்கும் மேற்பட்ட அளவுச் சேர்க்கைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். உள்ளே ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத எத்தனையோ சேர்க்கைகள் கிட்டத்தட்ட ஒரே தாளத்தைப் போட்டன. யோசித்துப் பாருங்கள்: என் மாடல் நிஜம் போலவே தாளம் போடுகிறது என்பது, உள்ளேயும் நிஜம் போலவே இருக்கிறது என்பதற்குச் சாட்சியே இல்லை.

ஒரே ஒரு நியூரானுக்கு வருவோம். 1943-ல் மெக்கல்லாக்கும் பிட்ஸும் நியூரானை ஒரு சின்னச் சுவிட்சாக எழுதினார்கள்: வருவதைக் கூட்டு, ஒரு அளவைத் தாண்டினால் சுடு. இன்றைய செயற்கை வலையமைப்புகளின் பாட்டன் அந்தச் சுவிட்ச்தான். 2021-ல் பெனியாகுவேவ், செகேவ், லண்டன் ஆகியோர் மூளைப் புறணியின் ஒரு நியூரானுடைய விரிவான மாடலை எடுத்துக்கொண்டு, அதன் நடத்தையைப் போலச்செய்ய எவ்வளவு பெரிய செயற்கை வலை வேண்டும் என்று பார்த்தார்கள். ஐந்து முதல் எட்டு அடுக்கு ஆழம் தேவைப்பட்டது. பாட்டன் ஒரு சுவிட்ச் என்று நினைத்த இடத்தில் ஒரு வலையமைப்பே குடியிருக்கிறது.

பெரிய கனவுக்கு நேர்ந்ததும் தெரிந்த கதைதான். 2009-ல் ஹென்றி மார்க்ரம் பத்து வருடத்தில் மனித மூளையைக் கணினியில் கட்டலாம் என்றார். 2013-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பெரும் நிதியோடு மனித மூளைத் திட்டம் தொடங்கியது. மறு வருடமே நூற்றுக்கணக்கான நரம்பியலாளர்கள் அதை எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். 2023-ல் திட்டம் முடிந்தபோது பயனுள்ள வரைபடங்களும் கருவிகளும் மிஞ்சின. மூளை மிஞ்சவில்லை.

எல்லா விவரமும் கையில் கிடைத்துவிட்டால்? அதற்கும் 2017-ல் ஜோனஸும் கோர்டிங்கும் குறும்பாக ஒரு பதில் வைத்தார்கள். பழைய ஆப்பிள், அட்டாரி கருவிகளில் இருந்த 6502 என்ற சிப்பை எடுத்துக்கொண்டார்கள். அதன் ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் தெரியும், ஒவ்வொரு நொடியும் அதில் நடப்பது தெரியும். நரம்பியலாளர்கள் மூளையை ஆராயும் முறைகளை வைத்து அந்தச் சிப்பை ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு டிரான்சிஸ்டராகக் கெடுத்து, எந்த விளையாட்டு நிற்கிறது என்று பார்த்தார்கள். டாங்கி காங் விளையாட்டுக்கு மட்டும் தேவையான டிரான்சிஸ்டர்கள் கிடைத்தன! அப்படி ஒரு டிரான்சிஸ்டருக்கு அர்த்தமே கிடையாது என்பது சிப் வடிவமைத்த எவருக்கும் தெரியும். தகவல் முழுசாகக் கையில் இருந்தும் புரிதல் வரவில்லை.

*

இதையெல்லாம் படித்தபோது எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம். பார்த்தாயா, மூளை அடங்காது என்று. ஆனால் நேர்மையாகத் தேடினால் எதிர்ப்பக்கமும் கண்ணில் படத்தான் செய்தது.

1952. ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் பெருநரம்பில் மின்துடிப்பு எப்படி ஓடுகிறது என்று அளந்து, நான்கு சமன்பாடுகளில் எழுதினார்கள். கேம்பிரிட்ஜின் கணினி மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்ததால், ஹக்ஸ்லி கைப்பிடி சுற்றும் கணக்கு இயந்திரத்தில் வாரக்கணக்கில் சுற்றிச் சுற்றி விடை கண்டார். துடிப்பின் வேகம் நொடிக்கு 18.8 மீட்டர் என்று கணக்கு சொன்னது. நிஜ நரம்பில் அளந்தது 21.2. இதில் வியப்பு என்னவென்றால், அயனிகள் நுழையும் வாயில்கள் என்ன மூலக்கூறு என்பதே அன்று யாருக்கும் தெரியாது. பொட்டாசியம் வாயிலுக்கு அவர்கள் போட்ட சூத்திரத்தில் நான்காம் அடுக்கு ஒன்று இருந்தது, நான்கு துகள்கள் சேர்ந்து கதவைத் திறப்பதுபோல. 1998-ல் மெக்கின்னன் ஒரு பொட்டாசியம் வாயிலின் உருவத்தைப் படம்பிடித்தபோது, அது நான்கு ஒரேமாதிரித் துண்டுகள் கூடிய வளையமாக இருந்தது. ஆனால் அந்த இருவரும் 1952-லேயே எச்சரித்திருந்தார்கள்: எங்கள் சமன்பாடுகள் பொருந்துகின்றன என்பதாலேயே உள்ளே நடப்பதும் இதுதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று. ஜெயித்த மாடலைச் செய்தவர்களின் அடக்கம் இது.

2024-ல் பழ ஈயின் முழு மூளை வரைபடம் வந்தது. ஏறத்தாழ 1,39,000 நியூரான்கள், ஐந்து கோடி இணைப்புகள். அதை வைத்து ஒரு குழு மிக எளிய மாடல் ஒன்றைக் கட்டியது. எல்லா நியூரானும் ஒரே அச்சு. கிட்டத்தட்ட அந்தப் பாட்டன் காலத்துச் சுவிட்ச்தான். கொஞ்சம் கசிகிற சுவிட்ச். நான் மேலே அடுக்கிய அத்தனை சிக்கலையும் தூக்கிப் போட்ட மாடல். அதில் இனிப்பை உணரும் நியூரான்களைத் தூண்டினால் உறிஞ்சுகுழலை நீட்டவைக்கும் நியூரான்கள் எவை என்று கேட்டார்கள். அது சொன்ன பதில்களில் பெரும்பாலானவை நிஜ ஈயில் சோதித்தபோது சரியாக இருந்தன. அதே மாடலிடம் பசியைப் பற்றிக் கேட்டால் அதற்கு ஒன்றும் தெரியாது. பசி அதில் சேர்க்கப்படவே இல்லை.

புழுவில் தோற்ற எளிமை ஈயில் ஏன் ஜெயித்தது? ஈ எளிய பிராணி என்பதாலா? இல்லை. கேட்ட கேள்வி, தூக்கிப் போட்ட விவரங்களைச் சார்ந்திருக்கவில்லை. இனிப்பு தொட்டால் வாய் நீள்வது பெரும்பாலும் கம்பி போகிற வழியைப் பொறுத்த விஷயம். அதற்குக் கம்பிப்படம் போதும். புழுவிடம் நாம் கேட்டதோ, "நீயாகவே இரு" என்று.

*

அறுவைக்கு இரண்டு வாரம் முன்னால் அப்பாவிடம் இதைச் சொல்ல முயன்றேன். மாத்திரை வேலை செய்கிற நேரமாகப் பார்த்து உட்கார்ந்தேன்.

"அந்த டாக்டர் வரைஞ்ச படம் முழுசா சரி இல்லப்பா."

"எந்தப் படம்டா முழுசா சரி?"

"இல்லப்பா, மூளையோட சிக்கல்ல நூத்துல ஒரு பங்குகூட அதுல இல்ல."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "பேரேட்டுல மண்டி இருக்குமா?" என்றார். "மிளகா நெடி இருக்குமா? மூட்டை தூக்குறவன் முதுகு வலி இருக்குமா? ஒண்ணும் இருக்காது. ஆனா கடையில எங்க ஓட்டைன்னு கடையைச் சுத்திச் சுத்தி வந்தா தெரியாது. கணக்கு எங்க இடிக்குதோ அங்கதான் தெரியும்."

நான் படித்த எந்தக் கட்டுரையும் எனக்கு இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. கணக்கு கடையைப் பிடித்து வைப்பதில்லை. அது கடையிடம் கேட்கிற கேள்வி. வரவும் பற்றும் மட்டும் கொண்ட எளிய கணக்கு என்பதால்தான் அது இடிக்க முடிகிறது. இடிப்பதால்தான் பயன். எல்லா எண்ணையும் இஷ்டத்துக்குத் திருத்திக்கொள்ள வழியுள்ள கணக்கு எப்போதும் நேராகும். அந்த நேரால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. ஆயிரக்கணக்கான திருகுகள் கொண்ட பிரம்மாண்ட மாடல்களில் எனக்கு இருக்கும் பயம் அதுதான். எதைக் காட்டினாலும் அது பொருந்திக்கொள்ளும்.

பெட்டிப் படம் இடித்தது. பிரேக்கைச் சுட்டால் நெளிவு கூட வேண்டும், குறைந்தது. அந்த இடிப்பிலிருந்துதான், எவ்வளவு சத்தம் என்பதைவிட எந்தத் தாளத்தில் சத்தம் என்பது முக்கியமாக இருக்கலாம் என்ற யோசனை வலுத்தது. மாத்திரை இல்லாத நேரத்தில் நோயாளிகளின் சப்தாலமிக் முடிச்சில் நொடிக்கு 13 முதல் 30 வரையிலான பீட்டா அலை ஓங்கி இருப்பதையும், மாத்திரை போட்டால் அது தணிவதையும் அளந்தார்கள். இன்று அந்த அலையைக் கேட்டு, தேவைக்குத் தக்கபடி துடிப்பைக் கூட்டிக் குறைக்கும் கருவிகளே வந்துவிட்டன. படம் சரியாக இருந்ததால் மட்டும் வந்த முன்னேற்றம் அல்ல இது. எங்கே தப்பு என்று விரல் வைத்துச் சொல்லும்படி அது தப்பாக இருந்தது.

கையெழுத்துப் போட்டேன்.

*

இத்தோடு கட்டுரையை முடித்திருந்தால் எனக்கே நிம்மதியாக இருக்கும். எளிய மாடல் போதும், கேள்வி சரியாக இருந்தால் சரி என்று. அறிவியலுக்கு அது போதும்தான். மனிதனுக்குப் போதாது என்பதை அதற்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

அறுவை நன்றாக நடந்தது. கை உருட்டுவது நின்றது. அப்பா சட்டைப் பொத்தானைத் தானே போட்டார். அம்மா அழுதாள். இரண்டாவது மாதம் கருவியின் அளவைச் சரிசெய்யப் போனோம். நடை இன்னும் நன்றாகட்டும் என்று துடிப்பு கொடுக்கும் புள்ளியை மாற்றினார்கள். நடை நன்றாகத்தான் ஆனது. மூன்றாவது நாளிலிருந்து அப்பா பேச ஆரம்பித்தார்.

ராத்திரி பதினொரு மணிக்குப் பழைய மண்டிக்காரர்களைப் போனில் கூப்பிட்டார். பாட்டு பாடினார். என்னோடு படித்தவர்களுக்கெல்லாம் கடன் தருவதாகச் சொன்னார். மிளகாய் வியாபாரம் தொடங்கப்போவதாகச் சொல்லி, குடோன் பார்க்க ஆட்டோ பிடித்துப் போனார். முப்பத்தைந்து வருடம் ஒரு ரூபாய் பிசகாமல் எழுதியவர். நான் முதலில் சந்தோஷப்பட்டேன் என்பதை மறைக்க மாட்டேன். ஏழு வருட இறுக்கம் தீர்ந்த குதூகலம் என்று நினைத்தேன். அம்மாதான் ஐந்தாம் நாள் சமையலறையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "இது அவர் இல்லடா. மிஷின் பேசுது."

டாக்டரிடம் சொன்னோம். அவர் ஆச்சரியப்படவில்லை. தெரிந்த விளைவுதான் என்றார். அந்தச் சின்ன முடிச்சில் அசைவுக்கான இழைகள் மட்டுமில்லை, உணர்ச்சியோடும் முடிவெடுப்பதோடும் சம்பந்தப்பட்ட இழைகளும் பக்கத்திலேயே ஓடுகின்றன. ஓரிரு மில்லிமீட்டர் தள்ளினால் வேறு உலகம். புள்ளியை மாற்றினார். இரண்டு மூன்று நாளில் அப்பா அப்பாவானார். கருவி தொடங்கி வைத்த அந்தக் கூத்து மொத்தம் இரண்டு வாரம்.

ஏழு பெட்டிப் படத்தில் சப்தாலமிக் பெட்டிக்கு இரண்டே அம்புதான்: ஒன்று உள்ளே வரும், ஒன்று வெளியே போகும். மகிழ்ச்சிக்கு அம்பு வரையவில்லை. வரையாதது தப்பு என்று நான் சொல்லவில்லை. அசைவு பற்றிய கேள்விக்கு அது தேவையில்லாமல் இருந்தது. ஆனால் மின்சாரத்துக்கு நம் கேள்வி தெரியாது. பெட்டியின் கோடு எங்கே முடிகிறது என்று அது பார்ப்பதில்லை. ஈயின் மாடலில் பசியை விட்டுவிட்டால் அந்த ஈக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. இங்கே விட்டுப்போனது ஒரு வீட்டில் உட்கார்ந்து பாட்டுப் பாடியது.

2004-ல் நெதர்லாந்திலிருந்து பதிவான ஒரு நோயாளியின் நிலை இதைவிடக் கடுமையானது. 62 வயது. கருவி ஓடினால் நடமாட முடியும், ஆனால் கட்டுக்கடங்காத வெறிக்களிப்பு. நிறுத்தினால் மனம் தெளியும், உடல் படுக்கையில் கிடக்கும். அளவை எப்படி மாற்றியும் நடுவழி கிடைக்கவில்லை. கருவியை நிறுத்தி, தெளிந்த மனத்தோடு இருக்கும்போது அவரிடமே கேட்டார்கள். கருவி ஓடட்டும், என்னை மனநலப் பிரிவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் தேர்ந்தெடுத்தார். இதில் எது அவர்? தேர்ந்தெடுத்தவரா, தேர்ந்தெடுக்கப்பட்டவரா? எத்தனை பெட்டி கூட்டினாலும் இந்தக் கேள்விக்கு ஒரு மாடல் பதில் சொல்லும் என்று எனக்குத் தோன்றவில்லை. விவரம் குறைவு என்பதால் இல்லை. இது எப்படி நடக்கிறது என்ற கேள்வியே இல்லை, எதை ஏற்றுக்கொள்வது என்ற கேள்வி.

அப்பாவிடம் பிறகு கேட்டேன், அந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று.

"நல்லாத்தான்டா இருந்துச்சு" என்றார். கொஞ்சம் வெட்கப்பட்டார். "அப்ப அது நான் இல்லைன்னு தோணவே இல்ல. இப்ப நீங்க சொல்றதால தோணுது."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அம்மாவிடமும் இல்லை.

*

பழைய கணக்குப் புத்தகங்களில் அனாமத்து என்று ஒரு தலைப்பு உண்டு. பணம் வந்திருக்கும், யார் கணக்கில் வைப்பது என்று தெரியாது. அல்லது ஐந்தொகை போடும்போது கொஞ்சம் இடிக்கும், காரணம் பிடிபடாது. அதை வேறெங்காவது சொருகி நேர்செய்யக் கூடாது. அனாமத்தில் பெயரோடு எழுதிவைத்து, தீரும்வரை வருடாவருடம் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். அனாமத்தே இல்லாத புத்தகத்தைக் கண்டால் அப்பாவுக்குச் சந்தேகம் வரும்.

எளிய மாடல்களைப் பற்றி இப்போது எனக்கிருக்கும் எண்ணம் இவ்வளவுதான். மூளையின் சிக்கலை அவை பிடித்துவிடுமா என்று நான் சண்டை போடுவதில்லை. பிடிக்காது, அது அவற்றின் வேலையும் இல்லை. விட்டதை எழுதிவைத்திருக்கிறார்களா என்று பார்க்கிறேன். தன் மாடல் சொல்லாமல் விட்டது எது என்று ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் எழுதிவைத்தார்கள். மார்ஸ்டனும் ஒபெசோவும் இடிப்புகளைப் பட்டியல் போட்டார்கள். மனித மூளையையே பத்து வருடத்தில் தருவதாகச் சொன்ன அறிவிப்புகளில் அந்தப் பக்கம் காலியாக இருந்தது. ஒரு மாடல் ஆய்வகத்தை விட்டு ஒரு மனிதரின் தலைக்குள் இறங்கும்போது அந்த அனாமத்துப் பக்கத்தை யார் வைத்திருக்கிறார்கள் என்பது அறிவியல் கேள்வியாக மட்டும் இல்லாமல் அறக் கேள்வியாகிவிடுகிறது. எங்கள் வீட்டில் அதை வைத்திருந்தது அம்மா. பெட்டியையும் அம்பையும் அவள் பார்த்ததே இல்லை. நாற்பது வருடமாக அப்பாவைப் பார்த்திருந்தாள்.

தீராத கணக்கு இன்னும் இருக்கிறது. கை நன்றாக இருக்கிறது, ஆனால் குரல் தணிந்துவிட்டது. நிலைப்படியில் வந்தால் கால் இன்றும் உறைகிறது. தரையில் ஒட்டிக்கொண்டதுபோல நிற்பார். பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி மஞ்சள் இன்சுலேஷன் டேப்பை வாங்கி, நிலைப்படிக்கு முன்னால் ஒரு அடிக்கு ஒன்றாக ஐந்து கோடுகள் ஒட்டினேன். கோட்டைப் பார்த்தால் கால் எழுகிறது. கோடு இல்லாத தரையில் நடக்க முடியாதவர் கோட்டைத் தாண்டி நடக்கிறார். இது பல நோயாளிகளிடம் பல காலமாகத் தெரிந்த விஷயம். நடக்கவே உறைந்துபோகிற ஒருவர் சைக்கிளை ஏறி மிதித்துக்கொண்டு போனதாக 2010-ல் ஒரு மருத்துவ இதழில் பதிவுகூட வந்தது. என் நாற்பது வரி நிரலில் கோட்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கண் என்ற பெட்டியே அதில் இல்லை.

மூன்றாவது கோட்டின் ஒரு முனை பிய்ந்துவிட்டது. நாளைக்கு வேறு ஒட்ட வேண்டும்.